கார் ஸ்டீரியோவில் இன்ஜின் இரைச்சல்: கடலூர், புதுச்சேரி வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரில் தனியாக ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), ஊஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) போட்டவர்களும், கம்பெனி செட்டைக் கழற்றிவிட்டு ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டியவர்களும் அதிகம் புலம்புவது ஒன்றைப் பற்றித்தான்: பாட்டோடு சேர்ந்து இன்ஜினும் பாடுகிறது. கடைக்குப் போனால் ஒருவர் ஃபில்டர் மாட்டச் சொல்வார், இன்னொருவர் கெப்பாசிட்டர் என்பார், மூன்றாமவர் செட்டையே மாற்றச் சொல்வார். எதையும் வாங்குவதற்கு முன் இரைச்சல் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பார்த்துவிடுங்கள். பாதிப் பேருக்குச் செலவே இருக்காது.

வண்டி ஸ்டார்ட் ஆனதும் 'கொய்ங்' என்று ஆரம்பிக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் ஏறுகிறது. இது என்ன?

ஆல்டர்னேட்டர். நம் ஊர் எலக்ட்ரீஷியன்கள் இன்னும் டைனமோ என்றுதான் சொல்வார்கள். அதற்குள் உற்பத்தியாவது மூன்று ஃபேஸ் ஏசி மின்சாரம். ஆறு டயோடுகள் அதை டிசியாக மாற்றி பேட்டரிக்கு அனுப்புகின்றன. அப்படி மாறி வருகிற டிசி சமதரையாக இருக்காது, மேலே சின்னச் சின்ன அலைகள் இருக்கும். அந்த அலைதான் ஸ்பீக்கரில் கேட்கிறது.

சத்தம் ஏன் ஏறுகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஐடிலில் இன்ஜின் 800 ஆர்பிஎம் சுற்றுகிறது என்று வையுங்கள். புல்லி அளவு காரணமாக ஆல்டர்னேட்டர் ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில், அதாவது 2400-ல் சுற்றும். நொடிக்கு 40 சுற்று. பல ஆல்டர்னேட்டர்களில் இருப்பதுபோல 12 துருவம் என்றால் ஒரு சுற்றுக்கு 36 அலை. 40-ஐ 36-ஆல் பெருக்கினால் 1440 ஹெர்ட்ஸ். ஈசிஆரில் 3000 ஆர்பிஎம்மில் போகும்போது அதுவே 5400 ஹெர்ட்ஸ். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கிற பகுதியே இதுதான், அதனால்தான் துளி கசிந்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

இந்த அலை இல்லாத கார் கிடையாது. உங்கள் வண்டியில் அது ஆடியோ பக்கம் கசிய ஒரு ஓட்டை இருக்கிறது, அவ்வளவுதான்.

எதைக் கேட்டாலும் "எர்த் சரியில்லை" என்கிறார்களே, உண்மையா, சாக்கா?

பெரும்பாலும் உண்மை. காரில் மைனஸ் வயருக்குப் பதில் பாடி இரும்பையே பயன்படுத்துகிறார்கள். இரும்பு என்றால் எல்லா இடமும் ஒரே சீராக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் பாடி என்பது பல தகடுகளை வெல்டிங் வைத்து, நடுவே பெயின்டும் சீலன்ட்டும் பூசிய ஒன்று. டிக்கியில் இருக்கும் ஆம்ப் பாட்டின் உச்சத்தில் 30 ஆம்பியர் இழுக்கிறது என்றால், வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே 0.3 வோல்ட் வித்தியாசம் வந்துவிடும். செட்டிலிருந்து ஆம்புக்குப் போகும் சிக்னலோ உச்சத்திலேயே 2 அல்லது 4 வோல்ட். மெல்லிய இடங்களில் மில்லிவோல்ட் கணக்கு.

இப்போது டாஷ்போர்டில் இருக்கும் செட்டுக்கு ஓர் இடத்தில் எர்த், டிக்கியில் ஆம்புக்கு வேறோர் இடத்தில் எர்த். இரண்டுக்கும் நடுவே வோல்டேஜ் வித்தியாசம். இரண்டையும் இணைத்துப் பாட்டு சிக்னலைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளின் வெளிப்பின்னலும் எர்த்தான். ஆகவே பாடி வழியாகப் போக வேண்டிய கரன்ட்டில் ஒரு பங்கு அந்தப் பின்னல் வழியாகவும் ஓடும். ஆல்டர்னேட்டர் அலையும் அதோடு ஒட்டிக்கொண்டு போகும். ஆம்புக்கு எது பாட்டு, எது இரைச்சல் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது, எல்லாவற்றையும் பெரிதாக்கித் தள்ளிவிடும். கிரவுண்ட் லூப் என்று சொல்வது இதைத்தான்.

சரி, என் வண்டியில் எங்கே கசிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மல்டிமீட்டர்கூட அப்புறம் எடுக்கலாம். முதலில் காதும் கையும் போதும். இன்ஜினை ஓடவிட்டு இரைச்சலைக் கேட்டுக்கொண்டே செட்டின் வால்யூமைக் கூட்டிக் குறையுங்கள். வால்யூமோடு சேர்ந்து இரைச்சலும் ஏறி இறங்கினால், அது வால்யூம் கன்ட்ரோலுக்கு முன்னாலேயே நுழைந்துவிட்டது: ஆக்ஸ் (போனை வயரில் இணைக்கும் துளை), ரேடியோ, போன் சார்ஜர் பக்கம் தேடுங்கள். வால்யூம் பூஜ்யத்தில் இருந்தும் இரைச்சல் அப்படியே நின்றால், அது செட்டைத் தாண்டி நுழைகிறது: கேபிள், ஆம்ப், எர்த்.

அடுத்து எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஆம்பில் செருகியிருக்கும் ஆர்சிஏ பின்களைக் கழற்றுங்கள். அணைக்காமல் கழற்றாதீர்கள். 'டம்' என்று ஒரு வெடிச் சத்தம் வருவதோடு செட்டுக்குள்ளும் சேதம் வரலாம், அதைக் கீழே சொல்கிறேன். மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். இரைச்சல் போகவில்லை என்றால் ஆம்பின் பவர், எர்த், ஸ்பீக்கர் வயர் இவற்றில்தான் கோளாறு. போய்விட்டது என்றால் அது ஆர்சிஏ வழியாக வருகிறது.

ஆர்சிஏ வழி என்று தெரிந்துவிட்டால், போனை எடுத்து (சார்ஜரில் போடாமல்) 3.5 மி.மீ. பின்னும் ஆர்சிஏ பின்னும் உள்ள சின்ன கேபிளால் நேரே ஆம்பில் கொடுத்துப் பாட்டு வையுங்கள். டைப் சி மட்டும் உள்ள போன் என்றால் ஒரு அடாப்டர் தேவைப்படும். பாட்டு சுத்தமாகக் கேட்டால் ஆம்பைக் குறை சொல்ல வேண்டாம், கோளாறு செட்டிலோ கேபிளிலோ இருக்கிறது. அப்புறம் ஒரு புது ஆர்சிஏ கேபிளைச் சீட்டுக்கு மேலேயே போட்டு இரண்டையும் இணைத்துப் பாருங்கள். அப்போது இரைச்சல் போனால் பழைய கேபிள் போன வழி சரியில்லை. போகாவிட்டால் செட்டின் எர்த்.

இன்னொரு சோதனையைப் பலர் மறந்துவிடுவார்கள். செட்டின் பின்னாலிருந்து ஆன்டெனா வயரை உருவிப் பாருங்கள். ஆன்டெனாவின் அடிப்பகுதி கூரையில் பாடியோடு எர்த் ஆகியிருக்கும், அதுவும் ஒரு லூப். உருவியதும் அமைதியானால் விஷயம் முடிந்தது. ஆன்டெனா வழிக்கென்றே ஐசொலேட்டர் (எர்த் இணைப்பை அறுத்து சிக்னலை மட்டும் விடுவது) கிடைக்கிறது.

ஆம்புக்கு எர்த் எப்படிப் போட வேண்டும்?

ஆம்பிலிருந்து ஒன்றரை அடிக்குள் முடிகிற மாதிரி, பவர் வயரின் அதே தடிமனில் வயர். பவருக்குத் தடித்த 4 கேஜ் வயர் போட்டுவிட்டு எர்த்துக்கு மெல்லிய கருப்பு வயரைச் சுற்றிவிடுவது கடைகளில் அடிக்கடி பார்க்கிற வேலை. இழுக்கிற கரன்ட் முழுவதும் இதே வயர் வழியாகத்தான் திரும்பிப் போக வேண்டும்.

பாடியில் தடித்த தகடு உள்ள இடமாகத் தேர்ந்தெடுங்கள். சீட் பெல்ட் போல்ட் வேண்டாம், அது உயிர் காக்கும் போல்ட், அதில் கைவைக்கக் கூடாது. துளை போடுவதானால் கீழே பெட்ரோல் டேங்க் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுப் போடுங்கள், பல கார்களில் பின் சீட்டுக்கு அடியில்தான் டேங்க். ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டத்துக்கு உப்புத்தாள் வைத்து, பெயின்ட், பிரைமர் எல்லாம் போய் வெள்ளை இரும்பு பளபளக்கும்வரை தேயுங்கள். சாம்பல் நிறம் தெரிந்ததும் நிறுத்திவிடுவார்கள், அது இன்னும் பிரைமர்தான். வயர் முனையில் வளைய லக்கை (போல்ட்டில் மாட்டும் வளையத்தை) நன்றாக நசுக்கிப் பிடித்து (கிரிம்ப் செய்து), பல் வைத்த வாஷர் போட்டு, போல்ட்டும் நட்டும் வைத்து முறுக்குங்கள். தகட்டில் ஏறும் ஸ்க்ரூ வேண்டாம், அதிர்வில் தளர்ந்துவிடும். முறுக்கிய பிறகு மேலே வாஸலினோ பெயின்டோ பூசிவிடுங்கள்.

சரிபார்க்க மல்டிமீட்டரை ஓம்ஸில் வைக்காதீர்கள், அதன் வயருக்கே அரை ஓம் வரை தடை இருக்கும். டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனை ஆம்பின் எர்த் டெர்மினலில், மறுமுனை நீள வயர் வழியாக பேட்டரி மைனஸில். இன்ஜின் ஓடட்டும், பாட்டைச் சத்தமாக வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் நின்றால் நல்லது. 0.3-ஐத் தாண்டினால் எங்கோ ஒரு மூட்டு கெட்டிருக்கிறது.

பேட்டரி மைனஸுக்கே நேராக வயர் இழுத்துவிட்டால்?

செய்யலாம், ஆனால் அவ்வளவு நீள வயருக்கு நல்ல தடிமன் வேண்டும். புது வண்டிகள் பலவற்றில் மைனஸ் டெர்மினல் மேலேயே கரன்ட்டை அளக்கும் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். அப்படி இருந்தால் டெர்மினலில் மாட்டாமல், சென்சாரைத் தாண்டி பாடியில் இறங்கும் போல்ட்டில் மாட்டுங்கள். இல்லாவிட்டால் ஆம்ப் இழுக்கிற கரன்ட் சென்சாரின் கணக்கில் சேராது. அதைவிட எளிய வழி, செட்டின் எர்த்தைப் பிரித்து ஆம்ப் எர்த் இருக்கிற அதே போல்ட்டுக்குக் கொண்டுபோவது. இரண்டும் ஒரே புள்ளி என்றால் லூப்புக்கு வேலையே இல்லை.

முதலில் நன்றாக இருந்தது. ஒரு மழைக்காலம் போனதும் சத்தம் வருகிறது. கடல் காற்றா?

நம் பக்கம் இதைக் கண்டிப்பாகச் சந்தேகப்பட வேண்டும். தேவனாம்பட்டினம், முதுநகர் துறைமுகம், தேங்காய்த்திட்டு, வீராம்பட்டினம் இங்கெல்லாம் வெளியில் நிற்கும் வண்டிகளின் போல்ட்டைப் பார்த்தாலே தெரியும். தேய்த்துவிட்டுப் பூசாமல் விட்ட எர்த் பாயின்ட் சீக்கிரம் காவி நிறத்துக்கு மாறிவிடும். வெளியே லக் முறுக்கியபடியே தெரியும், அடியில் துரு படலம் இருக்கும். சாயங்காலம் வண்டி ஓட்டும்போது சத்தம், மத்தியானம் இல்லை என்றெல்லாம் சொல்வார்கள். ஈரப்பதம் கூடிக் குறையும்போது துருப்பிடித்த மூட்டு இப்படித்தான் படுத்தும்.

ஆம்ப் எர்த்தோடு நிறுத்தாதீர்கள். இன்ஜினிலிருந்து பாடிக்கு வரும் பின்னல் பட்டையைப் பாருங்கள். செம்புப் பின்னல் பச்சை பூத்து, கையால் தொட்டாலே இழை உதிர்கிற வண்டிகள் உண்டு. ஆல்டர்னேட்டர் இன்ஜின்மேல் போல்ட் ஆகியிருப்பதால், இந்தப் பட்டை கெட்டால் சார்ஜ் கரன்ட் கண்ட கண்ட வழியில் திரும்பும். ஆர்சிஏ பின்னலும் அப்படி ஒரு வழி. பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கு வரும் வயரும் இதே கதைதான். இந்த இரண்டையும், ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரி பிளஸுக்குப் போகும் வயரையும் தடிமனாக மாற்றிவிட்டால் ஹெட்லைட்டும்கூடக் கொஞ்சம் பிரகாசமாகும்.

2015 கடைசியில் வந்த மழை வெள்ளத்திலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்த சமயத்திலும் தண்ணீரில் நின்ற வண்டிகள் நிறைய. செகண்ட் ஹேண்டில் வண்டி வாங்கிய பிறகு இரைச்சல் தொல்லை என்றால், தரை விரிப்பைத் தூக்கி, சைடு பீடிங்குக்கு அடியில் உள்ள எர்த் போல்ட்டுகளைப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டி அங்கே காட்டிக்கொடுத்துவிடும்.

பவர் வயரும் ஆர்சிஏவும் ஒரே பக்கம் போயிருக்கிறது. பிரச்சினையா?

மாற்றிவிடுங்கள். பவர் ஒரு பக்கம், ஆர்சிஏ மறுபக்கம். குறுக்கே வெட்டியே ஆக வேண்டுமென்றால் கூட்டல் குறி மாதிரி வெட்டட்டும், பக்கத்தில் ஒட்டி ஓடக் கூடாது. பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருக்கிறதா என்றும் அப்படியே பார்த்துவிடுங்கள். அது இரைச்சலுக்காக இல்லை, வண்டி எரியாமல் இருப்பதற்காக.

மலிவான வயரிங் கிட்டில் வருவது பெரும்பாலும் அலுமினியம் மேல் செம்பு பூசிய வயர். அது செம்பைப் போல ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் கடத்தும். வெட்டிய முனையில் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான். உப்புக் காற்றில் இது செம்பைவிட வேகமாகக் கெடும். சென்னை ஜி.பி. ரோட்டுக்குப் போகும்போது சுத்த செம்பு வயராகக் கேட்டு வாங்கி வாருங்கள்.

கடையில் ஐசொலேட்டர் போட்டால் போய்விடும் என்கிறார்கள். பெரிய கெப்பாசிட்டரும் போடச் சொல்கிறார்கள்.

ஐசொலேட்டர் வேலை செய்யும். அதற்குள் இருப்பது இரண்டு சின்ன டிரான்ஸ்பார்மர்கள். சிக்னல் காந்தம் வழியாகக் கடக்கும், எர்த் இணைப்பு அறுந்துவிடும், லூப் செத்துவிடும். ஆனால் சில நூறு ரூபாய் ஐசொலேட்டரில் அந்த டிரான்ஸ்பார்மர் ரொம்பச் சின்னது, அடி பேஸ் அதன் வழியாகச் சரியாக இறங்காது. ஊஃபருக்குப் பணம் கொட்டிவிட்டு அதன் கழுத்தை நாமே பிடிப்பது போல ஆகிவிடும். அதைவிடப் பெரிய சங்கடம், துருப்பிடித்த எர்த் அப்படியே உள்ளே இருக்கும், நாளை வேறு ரூபத்தில் வரும். எல்லாம் பார்த்த பிறகும் போகவில்லை என்றால் கடைசி வழியாகப் போடுங்கள்.

ஒரு ஃபேரட் கெப்பாசிட்டர் பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்குவதைக் கொஞ்சம் தாங்கும். கொய்ங் சத்தத்துக்கு அதனால் பலன் இல்லை. அந்தப் பணத்தில் வயரை மாற்றுங்கள்.

செட்டின் பவர் வயரில் போடும் சோக் ஃபில்டர் வேறு விஷயம். இரைச்சல் உண்மையிலேயே பவர் வயர் வழியாக வந்தால் பலன் தரும். கண்டுபிடிக்க ஒரு வழி: செட்டுக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரியிலிருந்து பிளஸும் மைனஸும் கொடுத்துப் பாருங்கள், ஃபியூஸோடு. சத்தம் போய்விட்டால், அடுத்து செட்டின் மைனஸை வண்டியின் எர்த்துக்கே மாற்றி, சின்ன பேட்டரியின் மைனஸையும் அதே எர்த்தில் சேருங்கள்; பிளஸ் சின்ன பேட்டரியிலேயே இருக்கட்டும். திரும்ப வந்தால் எர்த், வராவிட்டால் பவர் வயர்.

போனை ஆக்ஸில் போட்டுக்கொண்டே சார்ஜ் செய்தால் மட்டும் சத்தம். சார்ஜரை உருவினால் போய்விடுகிறது.

இதுவும் லூப்தான், உருவத்தில் சின்னது. சார்ஜரின் எர்த், ஆக்ஸ் வயரின் எர்த் இரண்டும் போனுக்குள் சந்திக்கின்றன. புளூடூத்தில் பாட்டு வையுங்கள், இல்லையென்றால் பவர் பேங்கில் சார்ஜ் போடுங்கள். ஆக்ஸ் வயரில் மாட்டும் குட்டி ஐசொலேட்டரும் உண்டு. போன் ஸ்பீக்கரே சின்னது என்பதால் இங்கே பேஸ் குறைவதை யாரும் கவனிப்பதில்லை என்று சிலர் சொல்வார்கள். பாட்டு வருவது கார் ஸ்பீக்கரில், கவனிப்பார்கள்.

ஆம்ப் வயரை மாற்றிப் போட்ட அன்றிலிருந்துதான் சத்தம். அதற்கு முன் இல்லை.

செட்டும் ஆம்பும் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆர்சிஏவைக் கழற்றி மாட்டினார்களா என்று கேளுங்கள். சில செட்டுகளில் ஆர்சிஏவின் எர்த் பாதையில் அரிசி அளவு ஒரு ஃபியூஸ் போர்டுக்குள் இருக்கும். அந்த நேரத்தில் ஏற்படும் அதிர்ச்சியில் அது போய்விடும். பிறகு ஆர்சிஏ பின்னல் எர்த் இல்லாமல் தொங்கும், கொய்ங் சத்தம் பலமாக வரும்.

சோதிப்பது சுலபம். ஒரு துண்டு வயரின் ஒரு முனையைச் செட்டின் பின்னால் உள்ள ஆர்சிஏவின் வெளி வளையத்தில் தொடுங்கள், மறுமுனையைச் செட்டின் இரும்பு உடலில் தொடுங்கள். சத்தம் சட்டென்று அடங்கினால் ஃபியூஸ் போயிருக்கிறது. செல்போன் போர்டு வேலை தெரிந்தவர் மாற்றித் தருவார். அதுவரை அந்தத் துண்டு வயரையே இறுக்கிக் கட்டி ஓட்டுகிறவர்களும் உண்டு, கெடுதல் ஒன்றும் பார்த்ததில்லை.

இன்ஜின் ஆஃப் ஆகியிருக்கும்போதே 'ஸ்ஸ்ஸ்' என்று கேட்கிறது.

அது இன்ஜின் இரைச்சல் இல்லை. ஆம்பில் கெய்ன் அதிகம். கெய்ன் என்பது இன்னொரு வால்யூம் குமிழ் என்று நினைத்து முழுக்கத் திருப்பி வைத்துவிடுகிறார்கள். செட்டின் அவுட்புட் வோல்டேஜுக்கு ஆம்பைப் பொருத்துவதற்குத்தான் அது. செட்டை முக்கால் வால்யூமில் வைத்து, பாட்டு உடையாத இடம்வரை மட்டும் கெய்னை ஏற்றி நிறுத்துங்கள். கெய்னை இறக்கும்போது கொய்ங் சத்தமும் சேர்ந்து இறங்கும், ஆனால் அதை வைத்து எர்த் சரியாகிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

பாட்டு வைத்தால் சுத்தம். ரேடியோவில் மட்டும் கரகரப்பு.

அப்படியானால் இரைச்சல் காற்று வழியாக ஆன்டெனாவுக்குப் போகிறது. மலிவான யூஎஸ்பி சார்ஜர், வெளியில் வாங்கி மாட்டிய எல்இடி ஹெட்லைட், டேஷ் கேமரா மூன்றும்தான் முதல் மூன்று குற்றவாளிகள். 102.8-ல் புதுச்சேரி ரெயின்போ எஃப்எம் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள். ஹெட்லைட் போட்டால் மட்டும் கரகரத்தால் பதில் கிடைத்துவிட்டது. சார்ஜர் என்றால் நல்லதாக ஒன்று வாங்குவதோடு சரி.

'டிக் டிக்' என்று, இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து வருகிறது.

பெட்ரோல் வண்டியா? ஸ்பார்க் பிளக், காயில் பக்கம் பாருங்கள். பிளக் மாற்றியபோது ரெசிஸ்டர் இல்லாத பிளக்கைப் போட்டிருக்கலாம். பல கம்பெனி பிளக்குகளில் ரெசிஸ்டர் உண்டு என்பதைக் காட்ட எண்ணுக்கு நடுவே 'ஆர்' எழுத்து இருக்கும். பழைய வண்டியில் பிளக் வயர் வெடித்திருந்தாலும் இதே சத்தம். ராத்திரி இருட்டில் பானெட்டைத் திறந்து பார்த்தால் நீலப் பொறி தெரியும், கை வைக்காதீர்கள். டீசலில் ஸ்பார்க் கிடையாது, அங்கே இன்ஜெக்டர் வயரிங் பக்கத்தில் ஆர்சிஏ போகிறதா என்று பாருங்கள். சாவி போட்டதும் இரண்டு மூன்று நொடி மட்டும் 'உர்ர்' என்றால் ஃபியூயல் பம்ப்.

ஆல்டர்னேட்டரே கெட்டிருக்குமா?

இருக்கலாம், ஆனால் அபூர்வம். இன்ஜின் ஓடும்போது மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து பேட்டரி டெர்மினலில் பாருங்கள். 0.1-க்குள் இருந்தால் டயோடு நலம். 0.5 பக்கம் போனால் டயோடு ஒன்று போயிருக்கும், இரைச்சலைவிட அதுதான் அவசரம்.

கம்பெனி செட்டை மாற்றாமல், ஸ்பீக்கர் வயரிலிருந்தே ஆம்புக்கு எடுத்திருக்கிறேன். சத்தம் வருகிறது.

இக்காலச் செட்டுகளில் ஸ்பீக்கரின் மைனஸ் வயர் எர்த் கிடையாது, அதிலும் சிக்னல் ஓடுகிறது. ஸ்பீக்கர் சிக்னலை ஆர்சிஏ சிக்னலாக மாற்றும் மலிவான கன்வெர்ட்டர்கள் நான்கு மைனஸையும் ஒன்றாகச் சேர்த்து எர்த் ஆக்கிவிடும். சத்தமும் வரும், செட்டின் ஐசியும் போகும். டிரான்ஸ்பார்மர் வைத்த கன்வெர்ட்டர் போடுங்கள், அல்லது ஹை லெவல் இன்புட் (ஸ்பீக்கர் வயரையே நேராக ஏற்கும் வசதி) உள்ள ஆம்பாக வாங்குங்கள். வயரை வெட்டாமல் கப்ளர் (செருகும் இணைப்பான்) வைத்து எடுக்கச் சொல்லுங்கள், வாரன்டி பேச்சு வராது. டாஷ்போர்டுக்குள் மஞ்சள் கப்ளர் தென்பட்டால் அது ஏர்பேக், தொடவே வேண்டாம்.

எலக்ட்ரிக் காரில் இந்தத் தொல்லை இருக்காதுதானே?

ஆல்டர்னேட்டர் கிடையாது, ஆனால் பெரிய பேட்டரியிலிருந்து 12 வோல்ட்டை உருவாக்கும் கன்வெர்ட்டர் இருக்கிறது. எர்த் சரியில்லை என்றால் அதன் சத்தம் வரும். சோதிக்கும் முறை மேலே சொன்னதேதான். ஆரஞ்சு நிற வயர் எதையும் நீங்களாகப் பிரிக்காதீர்கள், அது உயர் வோல்டேஜ்.